கொடைக்கானலில் விண்வெளி ஆவணப்படம் பார்க்கத் தொடங்குவோருக்கு

சந்திரயான் 3 நிலவில் இறங்கிய பிறகு எங்கள் ஊரில் விண்வெளிப் படம் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமில்லை, கடைக்காரர்கள், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் "எதை முதலில் பார்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் தெருவை மூடிவிடும் ஊர் இது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த நீண்ட மாலைகளுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை. இதே மலையில் 1899 முதல் ஒரு சூரிய ஆய்வகமும், அதாவது அப்சர்வேட்டரியும், இருக்கிறது. தை, மாசியில் வானம் திறக்கும்போது, டிவியில் பார்த்தவற்றில் சிலவற்றை வாசலில் நின்றே தேடலாம். படத்தையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்க நினைக்கும் புதியவர்களுக்கு இந்த வழிகாட்டி.

முதலில் ஒரே ஒரு கலத்தின் கதை

பலரும் பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற படத்தில்தான் தொடங்குகிறார்கள். பெருவெடிப்பு, கருந்துளை, இருண்ட ஆற்றல் என்று அரை மணி நேரத்துக்குள் எல்லாம் வந்து கொட்டும். இரண்டாம் பாகத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

அதற்குப் பதிலாக, ஒரு விண்கலம், அதைக் கட்டியவர்கள், அது போன இடம் என்று ஒற்றைக் கதையைச் சொல்லும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் பரிந்துரை வாயேஜர் கலங்களைப் பற்றி 2017இல் வந்த 'த ஃபார்தெஸ்ட்'. 1977 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிளம்பிய இரண்டு கலங்கள் வியாழன், சனி ஆகியவற்றைக் கடந்தன. வாயேஜர் 2 அதோடு நிற்காமல் யுரேனஸ், நெப்டியூன் வரை போனது. இன்றுவரை அந்த இரண்டு கோள்களுக்கும் அருகே போன கலம் அது ஒன்றுதான். வாயேஜர் 1 அனுப்பும் சிக்னல் ஒளியின் வேகத்தில் வந்தும் நம்மை எட்ட 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கலங்களில் வைத்த தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு ஒன்று இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. அதைக் கேட்கும்போது மகிழ்ச்சியும் வரும், தமிழ் விட்டுப்போன வருத்தமும் வரும்.

அடுத்து 'குட் நைட் ஆப்பி' (2022). செவ்வாயில் 90 நாள் வேலை செய்தால் போதும் என்று 2004இல் இறக்கிவிடப்பட்ட ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2018 வரை ஓடி, 45 கிலோமீட்டர் தாண்டிய கதை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையே முதலில் போடலாம். 'அப்பல்லோ 11' (2019) வேறு மாதிரி. அந்தக் காலத்துப் படச்சுருள்களையும் ஒலிப்பதிவுகளையும் வைத்தே கோத்தது, பின்னணியில் விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. பொறுமை வேண்டும், ஆனால் ராக்கெட் கிளம்பும் இடத்தில் கட்டுப்பாட்டு அறையின் பதற்றம் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

இந்த மூன்றும் முடிந்தால் தொடர்களுக்குப் போகலாம். கார்ல் சேகன் 1980இல் வழங்கிய 'காஸ்மோஸ்' 13 பகுதி. அதே தலைப்பின் வழியில் 2014இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்கியதும் 13 பகுதி. வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே நாளில் நான்கு பகுதி பார்த்தால் மறுநாள் எது எதில் வந்தது என்றே நினைவிருக்காது.

வேற்றுலக உயிர்களைக் காட்டும் படங்களைக் கடைசிக்கு வையுங்கள். 2020இல் வந்த 'ஏலியன் வேர்ல்ட்ஸ்' தொடரில் வரும் கோள்களும் கற்பனை, அங்கே பறக்கிற, மேய்கிற உயிர்களும் கற்பனை. நடுவே நம் பூமியின் உண்மையான விலங்குகளைக் காட்டி, "இது இப்படியென்றால் அது அப்படி இருக்கலாம்" என்று கொண்டுபோவார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் முதல் படமாக இதைப் பார்க்கும் பிள்ளை, அப்படி ஒரு கோளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நம்பிவிடும்.

ரிமோட், மொழி, மழை

அறிவியல் சேனல்கள் பலவற்றில் தமிழ் ஒலி உண்டு. ரிமோட்டில் மொழி மாற்றும் பட்டனை அழுத்திப் பாருங்கள், பல வீடுகளில் அது தெரியாமலே இந்தியில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிடி தளங்களில் தமிழ் இல்லாவிட்டால் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நாசா தன் படங்களையும் நேரலைகளையும் நாசா பிளஸ் தளத்தில் இலவசமாகவே தருகிறது.

தமிழ் டப்பிங்கிலும் எண்களை மில்லியன், பில்லியன் என்றே சொல்வார்கள். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதை ஒரு அட்டையில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது. ஒரு ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மழை வலுத்தால் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடையும். கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளில் இருந்து வரும் அலையைக் கனத்த மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிப்பதுதான் காரணம். வெறும் பனிமூட்டம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அதன் துளிகள் மிகச் சிறியவை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும் இங்கே சகஜம். அதனால் பார்க்க நினைத்த படத்தை நல்ல நெட்வொர்க் கிடைக்கும்போதே போனில் டவுன்லோட் செய்து வையுங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

படம் எந்த ஆண்டில் எடுத்தது?

தொடங்கும் முன் ஆண்டைப் பாருங்கள். விண்வெளிப் படம் சீக்கிரம் பழசாகிவிடும். 1980இன் 'காஸ்மோஸ்' இன்றைக்கும் கண்கலங்க வைக்கும், ஆனால் அது வந்தபோது வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட உறுதியாகவில்லை. 2015 ஜூலை 14இல் நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடப்பதற்கு முன் வந்த படங்களில் புளூட்டோ ஒரு மங்கலான பொட்டு, அல்லது யாரோ வரைந்த பந்து. அதன் இதய வடிவப் பனிச்சமவெளியை அதுவரை அடையாளம் கண்டவர் யாரும் இல்லை. சனியின் துணைக்கோள் 62 என்று ஒரு படம் சொன்னால் அது பழைய கணக்கு. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்ந்து 274 ஆகிவிட்டது. பழைய படத்தை ஒதுக்க வேண்டியதில்லை, எந்த ஆண்டின் அறிவு அது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

கேமரா எங்கே இருந்தது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒவ்வொரு காட்சி வரும்போதும், "இதை எடுத்த கேமரா எங்கே இருந்தது?" என்று கேளுங்கள்.

சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி கலம் அதன் வளையத்துக்குள் பாய்கிற காட்சி வருகிறது. கலம் முழுசாகத் தெரிகிறது, பின்னால் சனி. அப்படியானால் கேமரா காசினிக்கு வெளியே இருந்தாக வேண்டும். சனிக்குப் பக்கத்தில் அப்போது வேறு கலம் ஏது? ஆகவே அது கிராபிக்ஸ். கலத்தை வெளியில் இருந்து முழுதாகக் காட்டும் காட்சிகள் பெரும்பாலும் இப்படித்தான்.

விதிவிலக்குகள் உண்டு, அவைதான் பார்க்கப் பார்க்கச் சுவை. 2023 ஆகஸ்ட் 30இல் இஸ்ரோ வெளியிட்ட, சந்திரயான் 3இன் விக்ரம் தரையிறங்கியின் படம் அசலானது. பிரக்யான் ஊர்தி சற்றுத் தள்ளி நின்று திரும்பி எடுத்தது. 2021 பிப்ரவரி 18இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதும் அசல் வீடியோதான். பாராசூட்டைப் பார்த்தபடி சில கேமரா, கீழே தரையைப் பார்த்து ஒன்று, கயிற்றில் தொங்கும் ஊர்தியை மேலிருந்து பார்த்து ஒன்று என்று முன்கூட்டியே பொருத்தி அனுப்பியிருந்தார்கள். ராக்கெட் புகையில் செம்மண் பறப்பது அந்தப் படத்தில் நிஜமாகவே நடந்தது. இதைக் கிராபிக்ஸ் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

அடுத்து டைட்டன். சனியின் பெரிய துணைக்கோள் அது. 2005 ஜனவரி 14இல் ஹைகென்ஸ் கலம் அங்கே பாராசூட்டில் இறங்கி, தரையில் இருந்து ஒரு படம் அனுப்பியது. ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக, கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். முன்னால் கூழாங்கல் போல உருண்டையாகச் சில கட்டிகள், கொஞ்சம் பெரியதும் சிறியதுமாகக் கிடக்கும். அவை பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி, அங்கே நிலவும் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ் குளிரில் பாறையாக இறுகியவை. முனை மழுங்கி உருண்டிருக்கின்றன, அதாவது ஏதோ ஓட்டத்தில் அடிபட்டு உருண்டு வந்திருக்கின்றன. டைட்டனில் ஓடுவது திரவ மீத்தேன். ஆவணப்படங்களில் இந்தப் படம் மூன்று நொடி வந்து போய்விடும், உடனே பளபளவென்று ஒரு மீத்தேன் கடல் கிராபிக்ஸில் அலையடிக்கும். நீங்கள் அந்த மூன்று நொடியில் நிறுத்துங்கள். சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 140 கோடி கிலோமீட்டர் தள்ளி ஓர் உலகத்தின் தரை அது. சோவியத் நாட்டின் வெனேரா 13, 1982இல் வெள்ளியின் தரையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்து அனுப்பிய வண்ணப் படங்களையும் இதே மாதிரி நிறுத்திப் பாருங்கள்.

பார்க்கும்போது ஒரு நோட்டில் அசல் படங்களை மட்டும் குறித்து வைப்பது நல்ல பழக்கம். எந்தக் கலம், எந்த ஆண்டு, அவ்வளவு போதும். பிள்ளைகள் இதை ஒரு பந்தயமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நிறமும் சத்தமும்

விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களை டிவியில் பச்சையும் பொன்னுமாகப் பார்த்திருப்பீர்கள். 1995இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் இதில் பிரபலம். அந்தப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. 2022 ஜூலையில் முதல் படங்களை வெளியிட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பில், நம் கண்ணுக்கு எட்டாத ஒளியில். அதனால் அதன் படங்களின் நிறமெல்லாம் பெயர்த்துக் கொடுத்தவை. இது ஏமாற்று வேலை இல்லை, படத்துக்குள் இருப்பது உண்மையான அளவீடு.

கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வானத்தைப் பார்ப்பது நம் மலைக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி வேலை செய்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டினார்கள். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காக நீட்டி வைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரு அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 2019 ஏப்ரல் 10இல் வெளியான கருந்துளைப் படம் ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு வளையம். அதுவும் ரேடியோ அலையில் பார்த்ததுதான், ஆரஞ்சு நம் வசதிக்குக் கொடுத்தது.

சத்தம் வேறு கதை. விண்வெளிக் காட்சிகளில் வரும் ராக்கெட் என்ஜின் இரைச்சல், பாறைகள் மோதும் டமார் எல்லாம் ஸ்டூடியோவில் சேர்த்தவை. வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது. செவ்வாயில் மெல்லிய காற்று உண்டு, அங்கே பெர்சிவரன்ஸின் மைக் பதிவு செய்த காற்றோசை அசல். ஹெட்போனில் கேளுங்கள்.

தூரத்தைக் காலால் அளப்பது

எந்த ஆவணப்படமும் தூரத்தைச் சரியாகக் காட்ட முடியாது, திரைக்குள் அடங்காது. அதனால் கோள்களை வரிசையாக நெருக்கி வைத்துவிடுவார்கள். சிறுகோள் பட்டையில் கலம் வளைந்து நெளிந்து தப்பிப்பது போலக் காட்டுவார்கள். உண்மையில் அங்கே பாறைக்குப் பாறை சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர் இடைவெளி. 1972, 73இல் பயனியர் 10 கலம் அதற்குள் புகுந்து பத்திரமாக வெளியே வந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஏரிப் பாதையே போதும். போட் கிளப் அருகே ஒரு மீட்டர் அகலத்தில் சூரியன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்கத் தொடங்கினால் 42 மீட்டரில் புதன், 78 மீட்டரில் வெள்ளி. 107 மீட்டரில் பூமி, 9 மில்லிமீட்டர் அகலம்தான். செவ்வாய் 164 மீட்டரில், பூமியில் பாதி. அதுவரை குழந்தைகள் உற்சாகமாக வருவார்கள். அப்புறம் நடை, நடை. வியாழன் 560 மீட்டரில், 10 சென்டிமீட்டர் அகலத்தில். சனிக்கு ஒரு கிலோமீட்டர் தாண்ட வேண்டும். யுரேனஸுக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெப்டியூன் 3.2 கிலோமீட்டரில், ஏரியைப் பாதிக்கு மேல் சுற்றியிருப்பீர்கள். சூரியனுக்கு மிக அருகில் உள்ள அடுத்த விண்மீன் பிராக்சிமா சென்டாரி. இதே கணக்கில் அது ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பூமியின் சுற்றளவில் முக்கால் பங்கு. ஒரு முறை நடந்துவிட்டு வந்து படம் பாருங்கள், வாயேஜர் கதை வேறு மாதிரி தெரியும்.

தொலைதூர உலகங்களும் எவர்ஷெட்டும்

சரி, இப்போது வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களுக்கு வரலாம். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே குவெலோவும் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளை அறிவித்தார்கள். 51 பெகாசி பி என்று பெயர், நம்மிலிருந்து சுமார் 50 ஒளியாண்டு, அதன் ஓர் ஆண்டு நமக்கு நாலேகால் நாள். 2019இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. 2022க்குள் இப்படி உறுதியான கோள்கள் 5,000ஐத் தாண்டிவிட்டன.

இவற்றில் நேரடியாகப் படம் எடுத்தவை மிகச் சொற்பம். டிவியில் வரும் நீலக் கடல், இரண்டு சூரியன் மறையும் அடிவானம், ஊதா நிறத் தாவரம் எல்லாம் ஓவியரின் கை. 40 ஒளியாண்டு தள்ளி ஏழு கோள்களோடு இருக்கும் டிராப்பிஸ்ட் 1 பற்றிய காட்சிகளும் அப்படியே. அப்படியானால் விஞ்ஞானிகளிடம் இருப்பது என்ன? பெரும்பாலும் ஒரு வரைகோடு. கோள் தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது ஒளி கொஞ்சம் குறையும். வியாழன் அளவுள்ள கோள் நம் சூரியனைப் போன்ற ஒன்றைக் கடந்தால் ஒரு சதவீதம் குறையும், பூமி அளவென்றால் ஏறக்குறைய 12,000இல் ஒரு பங்குதான். ஒரு நல்ல ஆவணப்படம் அந்தக் கோட்டைக் காட்டும். காட்டாமல் கடற்கரையை மட்டும் காட்டும் படத்தை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

மேயரும் குவெலோவும் பயன்படுத்தியது வேறு வழி. கோள் சுற்றும்போது விண்மீனையும் லேசாக இழுக்கும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் அதன் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப்பட்டையில், உள்ள கருங்கோடுகள் துளியளவு இடம் மாறும். இதே கோட்டு நகர்வை வைத்துத்தான் 1909இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் இங்கேயே சூரியத் தீச்சுவாலைகளை ஆராய்ந்தவர். அயல்நாட்டுக் கோள்வேட்டைப் படம் எதைப் பார்த்தாலும், அந்தக் கோடு நகரும் இடம் வந்ததும் நம் அப்சர்வேட்டரி ரோடு நினைவுக்கு வரட்டும்.

அப்சர்வேட்டரிக்கு நேரிலும் போகலாம். பொதுமக்களுக்கு ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது, சூரியனின் பிம்பத்தையும் நிறமாலையையும் காட்டுவார்கள். கருங்கோடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் மேலே சொன்னது விளங்கும். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், விசாரித்துவிட்டுப் போங்கள். வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வர வேண்டும். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் யோசனையில் பிறந்த இடம் அது. நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் கண்டிப்பு: வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ சூரியனைப் பார்க்கக் கூடாது.

டிவியை அணைத்துவிட்டு வாசலுக்கு

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நமக்கு நல்ல வானம். குளிர் கடுமை, குல்லாவும் ஸ்வெட்டரும் இல்லாமல் பத்து நிமிடம் நிற்க முடியாது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதற்குள் போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடும், அதனால் காட்டோரச் சாலைக்கோ வியூ பாயிண்டுக்கோ இரவில் போக வேண்டாம். மொட்டை மாடியோ வாசலோ போதும்.

மாசி மாதம் எட்டு மணி வாக்கில் தலைக்கு மேல் ஓரியன் விண்மீன் கூட்டம் நிற்கும். திருவாதிரை செம்மையாகத் தெரியும், நடுவில் மூன்று விண்மீன் வரிசை. அந்த வரிசைக்குக் கீழே தொங்கும் சிறு கோட்டில் ஒரு மங்கிய திட்டு உண்டு, 10×50 பைனாகுலரில் சாம்பல் புகையாகத் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டு. டிவியில் பார்த்த சிவப்பைத் தேடாதீர்கள், மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வியாழன் தெரியும் மாதங்களில் அதே பைனாகுலரைச் சுவரில் சாய்த்துப் பிடித்தால் அதன் நான்கு பெரிய துணைக்கோள்கள் வரிசையாகப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் எடுக்கும் படங்கள் அவர்கள் வானத்தைத்தான் காட்டும். நாம் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கில் இருப்பதால் அவர்கள் கண்ணுக்கு எட்டாத தெற்கு வானம் நமக்குக் கிடைக்கிறது. மே மாதம், சீசன் கூட்டம் இருக்கும் நேரம். வானம் தெளிந்தால் இரவு பதினொரு மணியை ஒட்டித் தெற்கே பாருங்கள். சமவெளியின் ஊர் விளக்குகளுக்கு மேலே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 19 டிகிரி உயரத்தில், அதாவது கையை நீட்டிப் பிடித்த இரண்டு முஷ்டி உயரத்தில், பிரகாசமான ஒரு விண்மீன் நிற்கும். அது ஆல்பா சென்டாரி. அதற்கு வலப்புறம் பீட்டா சென்டாரி, இரண்டையும் இணைத்து மேற்கே கோடு நீட்டினால் திரிசங்கு, அதாவது தென் சிலுவை விண்மீன் கூட்டம். ஆல்பா சென்டாரியின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் பிராக்சிமா. அது கண்ணுக்குத் தெரியாத மங்கல் விண்மீன், 4.2 ஒளியாண்டு. 2016இல் அதைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கோள்வேட்டைப் படங்களில் தவறாமல் வரும் பிராக்சிமா பி அதுதான். அது இருக்கும் திசையை உங்கள் வீட்டு மாடியிலிருந்து பிள்ளைக்குச் சுட்டிக் காட்டலாம்.

நேரலை பார்க்கும்போது

ஏவுதலும் தரையிறக்கமும் நேரலையில் வரும்போது அதுவும் ஓர் ஆவணப்படம்தான், முடிவு யாருக்கும் தெரியாது என்பதே வித்தியாசம். 2023 ஆகஸ்ட் 23 மாலை திரையில் நாம் பார்த்த விக்ரம் ஓர் அனிமேஷன். நிஜம் எதுவென்றால் பக்கத்தில் ஓடிய எண்கள். 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் என்று தொடங்கிய கிடைமட்ட வேகம் குறைந்துகொண்டே வந்து, 6.04 மணிக்கு எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2 இறங்கியபோது ஒரு பச்சைப் புள்ளி குறித்த கோட்டை விட்டு விலகியது. இறக்கம் தவறியது அங்கேதான் தெரிந்தது. அடுத்த முறை படத்தை விட்டுவிட்டு உயரம், வேகம் இரண்டு எண்களையும் பின்தொடருங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் நம் கலங்களுக்கு இடம் குறைவு, அதனால் இதைப் பிள்ளைகளுக்கு நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். நிலவு மண்ணுக்கு ஒப்பான மண் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கத்திலிருந்து இஸ்ரோவின் சோதனைகளுக்குப் போனது. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய ஆதித்யா எல்1இன் திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகர் ஷாஜி. அதில் உள்ள முதன்மைக் கருவியைக் கட்டியது இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் அப்சர்வேட்டரியை நடத்துவதும் அவர்களே.

இஸ்ரோவின் யூடியூப் சேனலிலும் தூர்தர்ஷனிலும் நேரலை வரும். ஏவும் நாள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது வழக்கம், அன்று காலையே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் முதல் நாளே இன்வெர்ட்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, போனையும் முழுசாகச் சார்ஜ் போட்டு வையுங்கள்.